உப்புக் கரித்த பட்டம்

"நக்கு" என்றாள் சண்முகவள்ளி அக்கா.

"என்னது?"

"அந்தத் தையலை நக்கிப் பாருலே. நாக்கு இருக்குல்ல? வாயாடுறதுக்கு மட்டுமா ஆண்டவன் குடுத்தான்?"

திண்டுக்கல்லில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் அக்காவுக்கு நான்தான் அசிஸ்டென்ட். பெயர் மதன். ஜீப் ஓட்டுவது, டீ வாங்குவது, திட்டு வாங்குவது என்று மூன்று சோலி எனக்கு. நக்குவதைப் பற்றி வேலையில் சேரும்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கப்பா கூப்பிட்ட மாதிரி வத்தலக்குண்டு புரோட்டா கடையிலேயே நின்றிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்கட்டில் அந்த ஆரஞ்சுப் பட்டம் விரிந்து கிடந்தது. மாடியில் விடுகிற பட்டம் இல்லை. லாரித் தார்ப்பாயில் பாதி இருக்கும். முன்பக்கம் காற்றடிக்கிற தடித்த குழாய், கீழே நீளமான கயிறுகள், கயிறுகளின் முனையில் கையால் பிடிக்க ஒரு கம்பி. அதற்குப் பெயர் பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலில் பலகையை மாட்டினால், காற்று உங்களைத் தண்ணீர் மேல் இழுத்துக்கொண்டு போகும். மலைமேல் கவுஞ்சி கிராமத்துக்குப் பக்கத்தில் மூங்கிலடி ஏரியில் இந்த விளையாட்டைச் சொல்லித் தருகிறவள்தான் எங்கள் கட்சிக்காரி தமிழ்மதி.

அந்தத் தமிழ்மதி இப்போது இன்ஸ்பெக்டர் சேனாதிபதிக்கு எதிரே, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அந்தக் காலை முறைத்துக்கொண்டிருந்தார். கால் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். முந்தாநாள் முருகானந்தம் என்ற கோயம்புத்தூர்க்காரன் அவளிடம் பழகும்போது பட்டம் கன்னாபின்னாவென்று சுற்றி, ஆளைக் கரைப் பாறையில் கொண்டுபோய் மோதிவிட்டது. தோள்பட்டை இறங்கிவிட்டது. அவன் தங்கியிருந்த வெண்பனி ரிசார்ட் முதலாளி தனசேகர் ஊரைக் கூட்டிவிட்டார். இற்றுப்போன பட்டத்தைக் கொடுத்துக் கொல்லப் பார்த்தாளாம். இன்று மத்தியானத்துக்குள் ரிசார்ட் கேட்டில் நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏரியை விட்டுப் போய்விட வேண்டும். இல்லையென்றால் கேஸ்.

"பாருங்க" என்று இன்ஸ்பெக்டர் பட்டத்தின் துணியை இரண்டு விரலால் இழுத்தார். அப்பளம் மாதிரி பிய்ந்தது. "இதைக் கட்டி ஒரு மனுஷனைத் தண்ணியில விடலாமா? இவ பேரு ஒட்டியிருக்கு பாருங்க."

"இது என் பட்டம் இல்ல சார். கலர் அதேதான், கம்பெனி அதேதான், ஸ்டிக்கரும் என்னுதுதான். பட்டம் என்னுது இல்ல" என்றாள் தமிழ்மதி.

"மதன், நக்குறியா இல்லையா?"

நக்கினேன். முகத்தைச் சுளித்தேன். "சீ! உப்பு!"

அக்கா பட்டத்துப் பையின் ஜிப்பைக் காட்டினாள். பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. "மூங்கிலடி ஏரித் தண்ணி உப்பா, சார்?"

"பல்லுதான் கூசும். உப்பு ஏது?"

"அப்ப இது கடல்ல கெடந்த பட்டம். கடற்கரை வெயில்ல மாசக்கணக்கா காஞ்சு இத்துப்போனது. ஏரியில ஒரு முக்கு முக்குனதுல மேலாக்க உள்ள உப்புத்தான் போயிருக்கு, தையலுக்குள்ள ஏறினது போகல."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாக்கு வீண் போகவில்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரித்தார்.

"சரி மேடம். இந்தப் பொண்ணு எங்க கத்துக்கிட்டா? மண்டபம் கடற்கரையில, ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி கிட்ட. நேத்து வாக்குமூலத்துல அவளே சொன்னா. கடல்ல அடிபட்ட பழசை வாங்கிட்டு வந்து இங்க ஏமாத்தியிருக்கா. நல்லா நக்கிக் குடுத்தீங்க தம்பி, எனக்கு ஒரு வேலை மிச்சம்."

அட பாவி மனுஷா! எங்கள் கட்சிக்காரியை என் நாக்கே மாட்டிவிட்டது. அந்த நிமிஷம் நாக்கைக் கழற்றி வைத்துவிடலாம் போலிருந்தது.

"மத்தியானம் வரைக்கும் டைம். அப்புறம் என் கையில இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உன் மத்த பட்டமெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"சோலையம்மாள் வீட்டுப் பூண்டு மச்சில" என்றாள் தமிழ்மதி.

அக்காவின் கண் அகலமானது. "ஏலே, ஜீப்பை எடு. வெரசா!"

கவுஞ்சியில் பூண்டு போடாத குடும்பம் கிடையாது. அறுத்த பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, ஓட்டுக்குக் கீழே மச்சுக் கம்புகளில் தொங்கவிட்டு, அடியில் கட்டையைக் கனியவிட்டுப் புகை போடுவார்கள். மாசக்கணக்கில் கெடாது. சோலையம்மாள் வீட்டுக் கதவைத் திறந்ததுமே எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பூண்டுக் கொத்துகளுக்கு நடுவே, சுருட்டிய பட்டங்கள் இரண்டு ஒய்யாரமாகத் தொங்கின.

"பட்டத்துக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது. வெளியில காயப்போட்டா வெயில் தின்னுரும். வீட்டுக்குள்ள சுருட்டி வச்சா இந்த மூடுபனிக்குப் பூஞ்சை தின்னுரும். இந்த மச்சு ஒண்ணுதான் மழைக்காலத்துலயும் காஞ்சு கெடக்கும். நெருப்பு மேலயே படாம ஓரமாத் தொங்கவிடுவேன்" என்றாள் தமிழ்மதி.

"என் பூண்டுக்கு என்ன மரியாதையோ அதேதான் இவ பட்டத்துக்கும்" என்று சோலையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "இத்துப்போச்சுன்னு எவன் சொன்னான்? வந்து கிழிச்சுக் காட்டச் சொல்லு!"

அக்கா ஒரு பட்டத்தை இறக்கி என்னிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். என் செருப்புதான் அறுந்தது, துணி அசையவில்லை. அக்கா துணியை முகர்ந்தாள். என் மூக்கிலும் திணித்தாள். குழம்புக்குப் போட்டு இறக்கலாம், அப்படி ஒரு வாசம்.

"ஸ்டேஷன்ல கெடக்கே, அதுல பூண்டு வாசம் வந்துச்சா?"

"இல்லக்கா. உப்பு மட்டும்தான். பூண்டும் சேர்ந்திருந்தா ஊறுகாய்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

"இந்த மச்சுல ஒரு ராத்திரி தொங்கினாலே ஜென்மத்துக்கும் போகாது. அந்தப் பட்டம் இந்த வீட்டு வாசப்படியைக்கூட மிதிக்கல. விபத்து முடிஞ்சதும் உன் பட்டத்தை யாரு எடுத்தாம்மா?"

"ரிசார்ட் ஜீப். நான் அந்த ஆளோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். சாயங்காலம்தான் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருக்காங்க."

"அந்த இடைவெளியில மாத்தியிருக்காங்க."

நான் போன் போட்டு இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கவுஞ்சியில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையில் ஏறி நின்று, குளிரில் பல் அடிக்க அடிக்கச் சொன்னேன். "பூண்டு வாசத்தைக் கோர்ட்டுல கூண்டேத்த முடியுமாய்யா?" என்று கேட்டு வைத்துவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பாறையிலேயே நின்று அவர் வம்சத்தையே விசாரித்தேன். நல்லவேளை, லைன் கட்டாகியிருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா தமிழ்மதியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அந்த முருகானந்தம் எப்படி ஓட்டினான்?"

"புதுசா வர்றவங்க மாதிரியேதான். முதல் பாடமே பாரை விடுங்கதான். பட்டம் முரண்டு பிடிச்சா கையை விட்டுரணும், விட்டா இழுக்கிற வேகம் செத்துரும். அப்பவும் நிக்கலைன்னா இடுப்புல இருக்கிற சிவப்புப் பிடியைத் தள்ளிட்டா பட்டமே கழண்டுரும். ஆனா பயந்தவன் எவனும் விடமாட்டான். நெஞ்சோட இழுத்துக்குவான். இழுக்க இழுக்க வேகம் கூடும். அன்னிக்கு இவனும் இழுத்தான். கரையில இருந்து கத்துறேன், விடவே இல்ல."

"பட்டம் கீழ இறங்கினா யாரு பிடிப்பா?"

"நான் மட்டும்தான். கவிழ்த்துப் போட்டு மேல பூண்டு மூட்டையை வைப்பேன். பழக வர்றவங்களைத் தொடவே விடமாட்டேன், கிழிச்சிருவாங்க."

அக்கா பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்துக் கடித்தாள். அக்கா கடலைமிட்டாய் கடித்தால் எவனுக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாரும் ஏரிக்கரைப் புல்மேட்டில் கூடினோம். விபத்து எப்படி நடந்தது என்று நேரில் காட்டினால் கேஸ் பலமாகும் என்று இன்ஸ்பெக்டரை அக்கா வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை ஜீப்பில் தனசேகர் வந்து இறங்கினார். கூடவே கழுத்தில் கட்டுத் தொங்க, பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு முருகானந்தம். ஆனிக் காற்று சவுக்கு மரங்களைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. பழகுகிறவர்களுக்கென்று ஒரு குட்டிப் பட்டம் வைத்திருந்தாள் தமிழ்மதி. அதை ஏற்றினாள்.

"நான் பாக்கிறேன்" என்று முதலில் வந்தவர் இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டைக்குக் காற்று பயப்படும் என்று நினைத்தார் போல. ஒரே ஒரு இழுப்பு. தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"விடுங்க சார், விட்டுருங்க!"

"அது இழுக்குதும்மா!" என்று அலறிக்கொண்டே இன்னும் இறுக்கிப் பிடித்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் காலைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்தது நான். இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்த வாய் எனக்கு. விட வேண்டும், விட வேண்டும் என்று மனசுக்குள் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டுதான் பிடித்தேன். பட்டம் ஒரு வெட்டு வெட்டியதும் மந்திரமாவது மண்ணாவது! கம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாட்டுச் சாணியில் நீளமாகக் கோடு போட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நானும் இப்படித்தாங்க மாட்டிக்கிட்டேன்" என்றான் முருகானந்தம், ரொம்ப அடக்கமாக.

தனசேகர் வாட்சைப் பார்த்தார். "சர்க்கஸ் போதும் மேடம். நேரமாச்சு. ஏம்மா, மன்னிப்புக் கேக்கிறியா, கேஸைப் பாக்கிறியா?"

தமிழ்மதி அவர் முன்னால் போய் நின்றாள். குரல் உயரவில்லை.

"எங்க தாத்தாவைச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்துல இருந்து, நீ இந்தியாக்காரன், போன்னு கப்பலேத்தினாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க. எங்கம்மாவை ஒரு எஸ்டேட்டுல இருந்து இன்னொரு எஸ்டேட்டுக்குப் போன்னாங்க. எல்லாரும் தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போனாங்க. நான் போக மாட்டேன். செய்யாத தப்புக்கு என் வாயில மன்னிப்பு வராது. கேஸ் போடுங்க. ஜெயில்ல வச்சாலும் வெளிய வந்து இதே ஏரியிலதான் இறங்குவேன்."

மேலெல்லாம் சாணியோடு கை தட்டினேன். என்னைத் தவிர யாரும் தட்டவில்லை.

"சரி" என்றாள் அக்கா, தோற்றுப்போன குரலில். "சார், கேஸ் எழுதுறதுக்கு முந்தி அந்தப் பொண்ணு கடைசியா ஒரு தடவை ஓட்டிக்கட்டும். மதன், அவ பெரிய பட்டத்தைப் பிடி."

தோற்றுவிட்டோம் என்றே நான் நம்பினேன். சத்தியமாக. மச்சிலிருந்து கொண்டுவந்த பெரிய பட்டத்துக்குக் காற்றடித்து, கயிறு மாட்டுவதற்கு முன்னால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என் பின்னால் வந்து இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், அம்மா! கை தானாக விட்டுவிட்டது.

பட்டம் குப்புறவும் மல்லாக்கவும் உருண்டு நேராக வெள்ளை ஜீப் பக்கம் பாய்ந்தது. தனசேகர் ஒரு பக்கம் ஓடினார், இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் பின்னால் பதுங்கினார். முருகானந்தம் ஓடவில்லை. ஒரே எட்டில் குறுக்கே வந்து, கட்டுப் போடாத கையால் முன்குழாயைச் சரியாக நடுவில் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, மூக்கு காற்றைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்துத் தரையில் அழுத்தினான். மேலே முழங்காலை ஊன்றினான். அப்புறம் அந்தக் கை பக்கத்துத் தரையில் எதையோ அள்ளப் போனது.

புல்தான் வந்தது. மறுபடியும் அள்ளினான். வேரோடு புல் வந்தது. மூன்றாவது தடவை கை பாதி வழியில் நின்றது. அவனே தன் கையைப் பார்த்தான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"என்ன தம்பி தேடுறீங்க?" என்றாள் அக்கா, ரொம்ப அன்பாக.

அவன் கையைப் பட்டென்று மடக்கிக்கொண்டான்.

"மணல்" என்றாள் தமிழ்மதி. அவள் முகம் சிவந்துவிட்டது. "கடற்கரையில பட்டம் இறங்கினதும் இப்படித்தான் கவிழ்த்துப் போட்டு, மேல ரெண்டு கை மணலை அள்ளிப் போடுவோம். காத்து தூக்கிட்டுப் போகாம இருக்க. நான் இங்க வந்த புதுசுல எனக்கும் கை புல்லுக்குத்தான் போச்சு. அப்புறம்தான் பூண்டு மூட்டைக்கு மாறினேன். அடப்பாவி, நீ கடல்ல ஓட்டினவனாடா?"

"டி... டிவியில பாத்தேன்."

"டிவியில பாத்தா தலைக்குத் தெரியும் தம்பி. கைக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் அக்கா. "இந்த மதன் தலைக்கும்தான் தெரியும், கம்பியை விடணும்னு. விட்டானா? சாணியில நீச்சல் அடிச்சான். இன்ஸ்பெக்டர் சார் விட்டாரா? பழகாத கை படிச்சதைச் செய்யாது. பழகின கை சும்மாவும் இருக்காது. பட்டத்தையே தொட்டுப் பழகாத ஆளு ஒத்தைக் கையால கவிழ்க்கிறீங்க. கவுஞ்சி மலையில கடல் மணலைத் தேடுறீங்க. அந்த உப்புப் பட்டம் உங்களோடதுதானே?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு மெதுவாக அவன் பக்கம் நடந்தார். அவர் பூட்ஸ் சத்தத்துக்கே முருகானந்தம் உடைந்துவிட்டான். கோபமெல்லாம் தனசேகர் மேல் திரும்பியது.

"சும்மா விழுந்தாப் போதும்னீங்களே! காத்து இப்படி இருக்கும்னு சொன்னீங்களா? தோளே போச்சு எனக்கு! நான் மாட்டிக்கிட்டு நீங்க தப்பிக்கவா? சார், அவ பட்டம் என் ரூம் பீரோவுலதான் இருக்கு. பூண்டு நாத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல, வந்து எடுத்துட்டுப் போங்க!"

"யோவ், வாயை மூடு!" என்று தனசேகர் கத்தினார்.

"எதுக்கு மூடணும்? புதுப் பட்டமா வாங்கி ஷெட்டுல அடுக்கி வச்சிருக்கீங்களே, அதையும் சொல்றேன். இவளைத் துரத்திட்டா ஏரியில உங்க ஸ்கூலு, நான் அதுக்கு மாஸ்டர். அப்படித்தானே பேச்சு?"

அதுவரை நான் நினைத்தது வேறு. இந்த விளையாட்டே ஆபத்து, நம்ம ஊருக்கு ஒத்துவராது என்று தனசேகர் ஊரெல்லாம் பேசியதை நம்பி, மனுஷன் பயந்தாங்கொள்ளி என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். விளையாட்டை ஒழிக்க வரவில்லை, அவளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரத்தான் இத்தனை நாடகமும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சாணிக் கையோடு போய் அவர் வெள்ளைச் சட்டையைத் தொட்டுப் பேசினேன். நன்றாகவே தொட்டேன்.

தனசேகர் உடனே குரலை மாற்றினார். "தமிழ்மதி, ஊருக்குள்ள எதுக்கும்மா ரசாபாசம்? பேசித் தீத்துக்குவோம். ஸ்கூலை நீயே பாத்துக்க. மேனேஜர் போஸ்ட் தர்றேன். புதுப் பட்டம் எல்லாம் உன் பொறுப்பு."

"நான் மொத மொதல்ல இங்க வந்தப்போ கவுஞ்சிக்காரங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய், ஏரியில இறங்கட்டுமான்னு கேட்டேன். சோலையம்மா நாலு தடவை வைஞ்சு துரத்தினாங்க. அஞ்சாவது தடவை சரின்னாங்க. அப்புறம்தான் கால் நனைச்சேன். உங்களுக்கு ஏரி வேணும்னா நீங்களும் போய்க் கேளுங்க. என்கிட்ட பேரம் பேசாதீங்க."

தனசேகர் சாணி பட்ட சட்டையைத் துடைக்க ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். காலையில் 'இவ' என்று பேசியவர் கொஞ்சம் யோசித்தார். "வாங்க தமிழ்மதி, ஜீப்புல ஏறுங்க. ஸ்டேஷனுக்குப் போயி ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்திட்டீங்கன்னா, இவங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன்."

தமிழ்மதி அதற்குள் குளிருக்குப் போடுகிற ரப்பர் உடுப்பை இழுத்து மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பிடியை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள், கழன்றது. திரும்ப மாட்டினாள். கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் உருவிக்கொண்டே போனாள்.

"எழுதித் தர்றேன் சார். காத்து நிக்கட்டும்."

"எப்ப நிக்கும்?"

அவள் பலகையைத் தண்ணீரில் போட்டு ஏறினாள். ஆரஞ்சுப் பட்டம் படபடவென்று ஏறி சவுக்கு மரத்துக்கு மேலே நின்றது. அடுத்த மூச்சில் அவள் ஏரிக்கு நடுவில் இருந்தாள். கம்பியை ஒற்றைக் கையால் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனவள் அக்கரையில் திரும்பும்போது ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி இறங்கினாள். சோலையம்மாள் கரையிலிருந்து விசில் அடித்தாள். அந்த அம்மாவுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

தனசேகர் நைசாக ஜீப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆபீஸ்ல இருக்கேன் சார். கூப்பிட்டா வர்றேன்."

"அதெல்லாம் வேண்டாம். இப்படிப் புல்லுல உட்காருங்க. நீயும் உட்காருடா." இன்ஸ்பெக்டர் தானும் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு எப்பக் கரையேறுதோ ஏறட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."